காதோரப் பை

கீழே விழுந்துகொண்டிருக்கிறவனுக்குத் தரை நெருங்கிவிட்டது என்று இன்னொன்று சொல்லியா தெரியவேண்டும்? கண்தான் இருக்கிறதே. தரை என்ன சின்னப் பொருளா, பார்வைக்குத் தப்பிப்போக?

பாண்டியம்மாள் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. உள்ளங்கையில் இருந்த கறுப்பு டப்பாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. விரல் நிற்காத வழவழப்பு. ஒரு பக்கம் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டைகள். பனியன் கம்பெனியின் சாம்பிள் மேசையில் பன்னிரண்டு வருசமாகக் காலர், கைப்பட்டை, கழுத்துப்பட்டை என்று தைத்துத் தள்ளியவளுக்கு, இதற்கு ஒரு பை தைக்கும் வேலை வந்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர்களிடம் பேசி ஆர்டர் பிடிக்கிற ஆஷா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். "விமானத்துல இருந்து குதிக்கிறவங்க போடுற ஹெல்மெட்டுக்கு உள்துணிக்கா. நாம அதைத்தான் தைக்கிறோம். குதிக்கிறப்போ காத்து இரைச்சல் காதை அடைச்சிரும். நாலு பேர் கையைக் கோத்துக்கிட்டு ஆகாசத்துல சுத்துவாங்களாம். அந்தச் சந்தோசத்துல எவ்வளவு ஒசரத்துல இருக்கோம்ங்கிறதே பிடிபடாதாம். இந்த டப்பா காதுகிட்ட இருந்து கத்தும். முதல் தடவை கத்துனா கையை விட்டுட்டுப் பிரியணும். ரெண்டாவது தடவை கத்துனா குடையை விரிக்கணும்."

"மூணாவது?"

"மூணாவதையும் கேட்டுக்கிட்டே வந்தா, அவ்வளவுதான்."

சந்தோசத்தில் தரை மறந்துபோகும் என்பது மட்டும் பாண்டியம்மாளுக்கு உடனே புரிந்தது.

பேட்டரி மாற்றவும் வேறு ஹெல்மெட்டுக்கு மாற்றவும் டப்பாவை அடிக்கடி வெளியே எடுப்பார்களாம். ஆகவே எடுத்தால் வரவேண்டும். தானாக வந்துவிடக் கூடாது. ஓட்டையுள்ள பக்கம் காதைப் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. பாண்டியம்மாள் டப்பாவைத் துணிமேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள். துணி எந்தப் பக்கம் இழுபடும் என்று பார்த்து, இழுபடாத வாக்கில் பையை வெட்டினாள். காதுப் பக்கத்துக்கு மட்டும் சல்லடைத் துணியில் சின்ன ஜன்னல். பையின் வாயை மூட, இழுத்தால் பிரியும் சொரசொரப்பான ஒட்டுப்பட்டை வைத்த மடிப்பு. அதுவும் பிரிந்துவிட்டால் டப்பா தொங்கி நிற்கட்டும் என்று சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு நாடா.

உள்துணியை ஹெல்மெட்டுக்குள் பொருத்தித் தலையில் மாட்டிக்கொண்டு, இடுப்பு வரை குனிந்து, முன்னும் பின்னுமாகத் தலையை உலுக்கினாள்.

செக்கிங் மேசையில் நூல் வெட்டிக்கொண்டிருந்த பழனாத்தாள் கத்திரியைக் கீழே வைத்தாள். "ஏனுங் பாண்டியம்மா, எந்தச் சாமி வந்திருக்குது? வந்ததுதான் வந்துச்சு, ஒரு குறி சொல்லச் சொல்லுங். எங்கூட்டுக்காரரு எப்பத்தான் குடிய உடுவாருன்னு."

"அது சாமிக்கே தெரியாதாம் பழனாத்தா."

லைன் முழுக்கச் சிரித்தது. டப்பா அசையவில்லை. ஆஷா துணிக்கு மேலாகப் பொத்தானை அழுத்தினாள். டப்பா கத்தியது. அந்தச் சத்தம் நூறு தையல் மெஷின் ஓடுகிற இரைச்சலைக் கிழித்துக்கொண்டு நேராகத் தலைக்குள் போனது. பாண்டியம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சல்லடை ஜன்னலை விரலால் தடவினாள். ஆஷா "என்னக்கா?" என்றாள். "ஒண்ணுமில்ல, நல்லாக் கேக்குது" என்றாள்.

நன்றாகக் கேட்கிற ஒரு சத்தம் இருந்திருந்தால் குருசாமி இருந்திருப்பான்.

குருசாமி அவள் புருசன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவளோடு பஸ் ஏறி வந்தவன். ஒரு சாயப்பட்டறையில் துணி வேகவைக்கும் பெரிய பாத்திரத்தில் வேலை. மூடியைத் திறக்கலாமா, உள்ளே இன்னும் ஆவி அடைந்து கிடக்கிறதா என்று சொல்ல அங்கே ஒரு மணி உண்டு. அந்த வாரம் பட்டறையைப் பார்வையிட ஆடிட் வருவதாக இருந்தது. மணியில் சாயமும் தூசியும் படிந்து அசிங்கமாக இருந்ததால் அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, ஆபீஸில் பத்திரமாக வைத்திருந்தார்கள். குருசாமி எப்போதும்போல எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு மூடியைத் திறந்தான்.

நாலு வருசத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வருவதற்குள், பட்டறை ஆபீஸில் அவளை உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினார்கள். எச்சரிக்கை மணி அடித்ததை எல்லோரும் கேட்டார்கள், குருசாமி மட்டும் கவனிக்கவில்லை என்று அதில் இருந்தது. படித்துக் காட்டினார்கள். கையெழுத்து ஆனால்தான் மற்ற வேலை நடக்கும் என்றார்கள். அந்த மேசைமேலேயே பிளாஸ்டிக் உறைக்குள் மணி பளபளவென்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் வேல்விழிக்குக்கூடத் தெரியாது. அப்பா கவனக்குறைவாக இருந்தார் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. எழுத்தில் அப்படித்தானே இருக்கிறது.

சாம்பிள் பை தர உறுதிப் பிரிவுக்குப் போனது.

இந்தப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்குக் கோட்டா முறை போன மறுவருசம், வெளிநாட்டுக்காரர்கள் இனிமேல் தரத்தைத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, முதலாளி தண்டாயுதபாணி இதை ஏற்படுத்தினார். தையல் தளத்தின் நடுவில் கண்ணாடி அறை. ஏசி. ஆறு பேர். அவர்களில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தெரிந்தவர்கள் தைக்கப் போய்விடுவார்கள், தரம் யார் பார்ப்பது என்று மேனேஜர் அருள்செல்வன் கேட்பார். அதில் நியாயம் இருப்பதாக முதலாளிக்குப் பட்டது.

அருள்செல்வனின் முதல் ஆணை, கம்பெனிக்குள் உலோகம் கூடாது என்பது. குழந்தைகளின் துணியில் ஒடிந்த ஊசி சிக்கிப் போய்விடக் கூடாது என்று எல்லாக் கம்பெனியிலும் இருக்கும் விதிதான். நல்ல விதி. பீஸ்கள் எல்லாம் ஊசி பிடிக்கும் மெஷினின் பெல்ட்டில் ஏறி இறங்கித்தான் பெட்டிக்குப் போகும். சாம்பிள் உள்துணியையும் டப்பாவோடு பெல்ட்டில் ஏற்றினார்கள். டப்பாவுக்குள் பேட்டரி இருந்தது. மெஷின் அலறியது. அலறலில் யாரோ பதறித் தட்டியதில் டப்பாவும் அலறியது. எச்சரிக்கை செய்யவே பிறந்த இரண்டு கருவிகள் ஒன்றையொன்று எச்சரித்துக்கொண்டன. கண்ணாடி அறையில் இருந்த ஆறு பேரும் எழுந்து நின்றார்கள்.

அன்றே டப்பா முதலாளி அறை லாக்கருக்குப் போனது. எடுக்க வேண்டுமானால் ஏழு பேர் ஒப்பம்.

"அப்ப சார், பைக்குள்ள எதை வச்சு டெஸ்ட் பண்றது?" என்று ஆஷா கேட்டாள்.

"கருவியோட அளவுல உலோகமில்லாத ஒரு பொருளை வைங்க. அளவுதானுங்க முக்கியம்," என்றார் அருள்செல்வன். "நம்ம பாலிசி கருவிக்காக மாறாது. கருவி வேணும்னா நம்ம பாலிசிக்கு மாறிக்கட்டும்."

தொழிலாளிகள் கை கழுவும் இடத்தில் ஆடிட் அன்றைக்கு வைப்பதற்காக வாங்கி, மற்ற நாட்களில் ஸ்டோரில் பூட்டி வைத்திருந்த சோப்புகளில் ஒன்று வெளியே வந்தது. அருள்செல்வன் தன் கையால் அதை பிளேடு வைத்து டப்பா அளவுக்குச் செதுக்கினார். ஓரங்களை மழித்தார். மஞ்சள் அட்டை கட்டி, 'மாதிரிக் கருவி, எண் ஒன்று' என்று எழுதி, வந்துபோகும் நேரத்தைப் பதிய ஒரு நோட்டும் போட்டார். சீக்கிரத்திலேயே அந்தப் பிரிவில் சோப்பை யாரும் சோப்பு என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். "கருவி எங்கே?" "கருவி மேசைமேல இருக்குதுங்க சார்."

அடுத்து, பீஸ் எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சோதனைப் பட்டியலில் டி-ஷர்ட் இருந்தது, ஜட்டி இருந்தது, இரவு உடை இருந்தது. தலையில் போடுவது என்று ஒன்றே ஒன்றுதான்: குழந்தைத் தொப்பி, பிறந்தது முதல் இருபத்துநாலு மாதம் வரை. உள்துணி அந்த வகையில் சேர்ந்தது.

"அந்த ஊருல தவழற பிள்ளையும் குதிக்குமாட்டத்தான் இருக்குதுங்," என்றாள் பழனாத்தாள்.

வகை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஒட்டுப்பட்டை குழந்தையின் கன்னத்தைக் கீறும், மடிப்பை எடுத்தார்கள். நாடா கழுத்தைச் சுற்றும். சுண்டுவிரல் நீள நாடா எந்தக் கழுத்தைச் சுற்றும் என்று பாண்டியம்மாள் கேட்டாள். நாடா என்றுதான் விதியில் இருக்கிறது, நீளம் இல்லை என்றார்கள். நாடாவை எடுத்தார்கள். தொப்பி இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். வலது காதிலும் ஒரு பை வந்தது. கடைசியாக சல்லடை ஜன்னலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள் இருப்பதாக அறிக்கை தந்தார்கள். ஓட்டை என்றால் பழுது. ஒரு பீஸில் ஒரு ஓட்டை இருந்தாலே தள்ளுபடி. ஜன்னலின் மேல் இரட்டைத் துணி வைத்துத் தைக்கச் சொன்னார்கள்.

பாண்டியம்மாள் தைத்தாள். அவள் கை அவள் தைத்ததையே மூடிக்கொண்டு போவதை மெஷின் விளக்கின் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதைச் செய்துவிட்டால் அதில் தனக்குப் பங்கில்லை என்று எத்தனை வருசமாக நம்பியிருக்கிறோம் என்று நினைத்தாள். நம்பிக்கைகூட இல்லை அது. ஒரு சௌகரியம்.

சலவைச் சோதனை வந்தது. பீஸைப் பையரிடம் போகும் நிலையிலேயே, எல்லா இணைப்புகளோடும் துவைக்க வேண்டும் என்பது விதி. இணைப்பு என்பது கருவி. கருவி என்பது சோப்பு. நாற்பது டிகிரி வெந்நீரில், சோப்பைப் பைக்குள் வைத்தபடியே உள்துணியைத் துவைத்தார்கள். அந்த வருசம் கம்பெனியில் அவ்வளவு சுத்தமாக ஒரு பீஸ் வெளுத்ததில்லை. துணி சுருங்கவே இல்லை. கருவிதான் நீளத்தில் ஒன்பது சதம் சுருங்கியிருந்தது. ஐந்துக்கு மேல் போகக் கூடாது.

கண்ணாடி அறையில் இரண்டு நாள் கூட்டம் நடந்தது. கருவிகளை முன்கூட்டியே சுருக்கம் எடுத்துவிட்டுப் பயன்படுத்தும்படி பையருக்கு அறிவுறுத்துவது என்று தீர்மானமாயிற்று. கடிதத்தை அனுப்பச் சொல்லி ஆஷாவிடம் கொடுத்தார்கள். ஆஷா அதை அனுப்பவில்லை. கம்பெனிமேல் அவளுக்கு அவ்வளவு பற்று இருந்தது.

உலர்ந்தபின் பிடிமானச் சோதனை. தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை உலுக்கினார்கள். ஈரத்தில் குழைந்து, துணியின் இழைகளுக்குள் இறங்கி, அப்படியே காய்ந்துபோயிருந்த சோப்பு துளிகூட அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. 'பிடிமானம்: மிகச் சிறப்பு' என்று எழுதினார்கள். அருள்செல்வன் எல்லோருக்கும் டீயோடு பன் வாங்கிக் கொடுத்தார்.

முந்நூறு பீஸுக்கு உத்தரவாயிற்று.

தைத்த பீஸ்கள் பெட்டிகளில் நிரம்பத் தொடங்கின. மூன்றாம் நாள் பாண்டியம்மாள் ஆஷாவிடம் போய், "பாப்பா, அந்த டப்பாவை அஞ்சு நிமிசம் எடுத்துத் தர முடியுமா?" என்றாள். ஆஷா ஏழு ஒப்பத்தில் ஆறை வாங்கினாள். ஏழாமவர் டூர் போயிருந்ததால் அவர் ஒப்பத்தையும் ஆறாமவரே போட்டார். டீ நேரத்தில் இருவரும் பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பீஸை ஹெல்மெட்டுக்குள் பொருத்தி, பாண்டியம்மாள் குனிந்து உலுக்கினாள்.

முதல் உலுக்கலில் டப்பா பாதி வெளியே வந்தது. இரண்டாவதில் அவள் கையில் விழுந்தது. பிடிப்பதற்காகக் கையைத் தயாராக வைத்திருந்தாள். விழும் என்று அந்தக் கைக்கு முன்பே தெரிந்திருந்ததுதான் அவளை உறுத்தியது.

திரும்பவும் பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அமுக்கு," என்றாள். ஆஷா அமுக்கினாள்.

"கேக்குதாக்கா?"

"எங்கியோ நாலு வீடு தள்ளி யாரோ குக்கர்ல பாலைக் காய்ச்ச, அது விசிலடிக்கிற மாதிரி."

"இங்க காத்துகூட இல்லையேக்கா," என்றாள் ஆஷா. அவள் குரல் இறங்கியிருந்தது.

இருவரும் கண்ணாடி அறைக்குப் போனார்கள். அருள்செல்வன் கெட்டவர் இல்லை. அவர்களை உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார்.

"பாருங்கம்மா, நீங்க பண்ணுனது அங்கீகாரம் இல்லாத சோதனை. எதை வச்சுப் பண்ணுனீங்க? ஒரிஜினல் கருவியை வச்சு. நம்ம ரிப்போர்ட் எதை வச்சு? எண் ஒன்றை வச்சு. ரெண்டையும் எப்படிங்க ஒப்பிட முடியும்?"

"சார், குதிக்கிறவங்க ஒரிஜினலைத்தானே வச்சுக்குவாங்க."

"அது அவங்க பாடு."

"கீழ விழுந்துருச்சுன்னா சார்?"

"விழட்டும்னு நான் சொல்வனா? விழலைன்னு சொல்றதுக்கு நம்மகிட்டப் பேப்பர் இருக்கோணும்னுதான் சொல்றேன். பேப்பர் இல்லாத கம்பெனில விழுந்தாத்தான் பிரச்சனை. இருக்கற கம்பெனில விழுந்தா அது வெறும் சம்பவமுங்க." தன் பேச்சு தனக்கே பிடித்துப்போனதில், அதை ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்துக்கொண்டார்.

பாண்டியம்மாள் அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். சம்பவம். குருசாமிக்கும் ஒரு சொல் இருந்திருக்கும் அவர்களிடம். என்ன சொல் என்று அவள் கேட்டதே இல்லை.

ஆடிட் நாள் வந்தது. கை கழுவும் இடத்தில் சோப்பு வந்தது. தீயணைக்கும் வாளிகளில் மணல் வந்தது. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று லைன் லைனாக ஒப்பிக்கவைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா என்றால் ஆமாங்க. யாராவது திட்டுகிறார்களா என்றால் இல்லீங்க. பழனாத்தாள் மட்டும் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு, "மறந்துபோச்சுங் சார், உண்மையே பேசிப் பழகிட்டேன்," என்றாள். அவளைக் கேன்டீன் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்திருந்த களைத்த மனிதர். அந்த வாரத்தில் இது அவருக்கு ஒன்பதாவது கம்பெனி. கண்ணாடி அறையில் உட்கார்ந்து எல்லா நோட்டுகளையும் புரட்டினார். சோப்பின் நோட்டு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "ஒரு நாள்கூட விட்டுப்போகலையே!" என்றார். கடைசித் தாளுக்கு வந்தபோது, "தைத்தவரின் உறுதிமொழி மட்டும் பாக்கி," என்றார்.

பாண்டியம்மாளைக் கூப்பிட்டார்கள். சிவன்மலைக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்த முதலாளி, நெற்றி நிறைய விபூதியோடு, தானே ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க அம்மிணி."

ஆடிட்டர் தாளைப் படித்தார். "இந்தப் பையில் கருவியை வைத்து, தலைகீழாகப் பத்து முறை உலுக்கினேன். கருவி விழவில்லை. ஹெல்மெட்டை அணிந்து பார்த்தேன். ஒலி தெளிவாகக் கேட்டது. இவ்வளவுதாம்மா. கீழே கையெழுத்து."

பேனாவை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

அவள் தொடவில்லை. "ரெண்டாவதுலேயே விழுந்துருச்சுங்க."

"அது எண் ஒன்று இல்லீங்க சார்," என்று அருள்செல்வன் முந்திக்கொண்டார். "அது ஒரிஜினல் கருவி. எண் ஒன்று இன்னிக்கு வரைக்கும் விழுந்ததே இல்லீங்க."

ஆடிட்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பதில் எழுத இரண்டு கட்டங்கள் இருந்தன. 'ஆம்' ஒன்று. 'பொருந்தாது' இன்னொன்று. இல்லை என்பதற்கு இடமில்லை. அவர் வேலைக்காலத்தில் இதுவரை தேவைப்பட்டதும் இல்லை. "இது ஆம்ல வருமா, பொருந்தாதுல வருமா?" என்று உண்மையான சந்தேகத்தோடு அருள்செல்வனைக் கேட்டார்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, லாரி வாசல்ல நிக்குதுங்க. எங்கியோ ஒரு சீமைல யாரோ குதிக்கறானுங்க. அவன் மொகம் உங்களுக்குத் தெரியுமா? உங்க பேரு அவனுக்குத் தெரியுமா? போட்டுட்டுப் போங்க. நாளைக்கு நீங்களே இந்த ரூம்புக்கு வந்துருங்க, தரம் பாக்கறதுக்கு. மெஷின்ல உக்கார வேண்டியதில்ல. உங்க மேல ஒண்ணும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

ஒன்றும் வராது என்பது உண்மைதான். அவளுக்குத் தெரியும். நாலு வருசமாக ஒன்றும் வரவில்லை. போலீஸ் வரவில்லை, ஆபீஸர் வரவில்லை, ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று ஒரு ஆள் வாசலில் வந்து நின்றதில்லை. யாராவது வந்து கேட்டிருந்தால்கூடச் சொல்லி அழுதிருக்கலாம். ஒருவரும் வராத அந்த வாசலைத்தான் அவள் ஒவ்வொரு காலையும் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள்.

குதிக்கிறவனின் முகம் தெரியாதுதான். ஆனால் சந்தோசத்தில் பாடிக்கொண்டிருப்பான் என்பது தெரியும். அவனை வழியனுப்பிவிட்டு எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவளிடம் ஒரு தாளைப் படித்துக் காட்டுவார்கள். ஒலி தெளிவாகக் கேட்டது. அவர்தான் கவனிக்கவில்லை.

"என்னங்க அம்மிணி?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. போடமாட்டேன்."

உரக்கச் சொல்லவில்லை. கண்ணாடி அறைக்குள் இரைச்சல் வராது என்பதால்தான் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது. வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கதவருகே நின்றிருந்த ஆஷா தலைகுனிந்துகொண்டாள்.

"நாளைலருந்து உங்களுக்கு இங்க மெஷின் இருக்காதும்மா. தெரியுமில்ல?" என்றார் அருள்செல்வன். மிரட்டலாக இல்லை, ஒரு விதியை நினைவுபடுத்துவதுபோலத்தான்.

"தெரியும் சார்."

"காரணம்னு ஒண்ணு நாங்க எழுதோணும். என்னன்னு எழுதறது?"

"எது வேணும்னாலும் எழுதிக்கோங்க சார்," என்றாள் பாண்டியம்மாள். "என் பேரை மட்டும் நான் எழுதலை."